இயங்குதள மேம்படுத்தலும் ஜாவா மெய்நிகர் எந்திரத்தின் நினைவகச் சிக்கலும்

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்பிற்கு மேம்படுத்திய பின்னர், கொள்கலன்களுக்குள் இயங்கும் பழைய ஜாவா மெய்நிகர் எந்திரங்கள் முன்னறிவிப்பின்றி நின்றுபோவதுண்டு. நிரல் மாறவில்லை, தரவு மாறவில்லை, வழங்கியின் நினைவகமும் குறையவில்லை என்ற நிலையிலேயே இது நிகழ்கிறது. நினைவக வரம்பைக் கெர்னல் எழுதிவைக்கும் இடமும் முறையும் மாறியதும், அம்மாற்றத்தை அறியாத மெய்நிகர் எந்திரம் வரம்பே இல்லை என முடிவு செய்வதுமே இதன் காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சிக்கலைக் கண்டறியும் வழிகளும் தீர்வுகளும் தமிழ்த் தரவைக் கையாளுவோர் கருதவேண்டிய நினைவகக் கணக்கும் தொடர்ந்து கூறப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் எந்திரம், கொள்கலன், கட்டுப்பாட்டுக் குழு, குவியல் நினைவகம், ஒருங்குறி

முன்னுரை

ஆய்வேட்டுக் களஞ்சியங்களையும் நூலகப் பட்டியல்களையும் முழுவுரைத் தேடலையும் இணையத்தில் நடத்தும் மென்பொருள்களுள் பல ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. எண்மக் களஞ்சியங்களுக்குரிய டிஸ்பேஸ், அதற்குத் தேடல் வசதி தரும் அப்பாச்சி சோலர், பெருந்தரவுத் தேடலுக்குப் பயன்படும் எலாஸ்டிக்சர்ச் ஆகியவை இவ்வகையின. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்காவும் டிஸ்பேஸின் மேல் கட்டப்பட்டதே. இத்தகைய சேவைகளைச் சிறு நிறுவனங்களில் பராமரிக்கும் பொறுப்பு ஒரே ஒருவரிடம் விடப்படுவதுண்டு. அவருக்கு வேறு பணிகளும் இருக்கும்.

இயங்குதளத்தின் ஆதரவுக் காலம் முடியும்போது மேம்படுத்தல் தவிர்க்க இயலாததாகிறது. மேம்படுத்தல் செவ்வனே முடிந்து, சேவைகள் அனைத்தும் எழுந்து நிற்கின்றன. சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ தேடல் சேவை மட்டும் நின்றுவிடுகிறது. மீளத் தொடங்கினால் ஓடுகிறது. பின்னர் மறுபடியும் நிற்கிறது. பதிகைக் கோப்பைத் திறந்தால் பிழைச்செய்தி ஏதுமில்லை. ஒரு வரியின் நடுவிலேயே எழுத்து அறுந்திருக்கக் காணலாம். நினைவகப் பற்றாக்குறை என ஐயுற்று வழங்கிக்குக் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்துவோர் உளர். இச்சிக்கலில் அச்செலவு பயன் தராது என்பதோடு, நிலைமையைச் சற்று மோசமாக்கவும் செய்யும். அது எவ்வாறு என்பதை உணர மெய்நிகர் எந்திரம் தன் அளவை எங்கிருந்து அறிகிறது என்பதை முதலில் காணவேண்டும்.

ஒரு பெயர், இரு எந்திரங்கள்

மெய்நிகர் எந்திரம் என்னும் சொல் இரண்டு வேறுபட்ட பொருள்களில் வழங்குகிறது. முழுக் கணினி ஒன்றைப் போலவே நடந்துகொண்டு, தனக்கெனத் தனிக் கெர்னலையும் இயங்குதளத்தையும் கொண்டிருப்பது ஒன்று. கேவிஎம், விஎம்வேர் வழி உருவாக்கப்படுபவை இவ்வகையின. ஒரு நிரலை இயக்குவதற்காக மட்டும் அமைந்து, இயங்குதளத்தின் பார்வையில் வெறும் ஒரு செயல்முறையாகவே நிற்பது மற்றொன்று. ஜாவா மெய்நிகர் எந்திரம் இவ்வகையைச் சார்ந்தது. இக்கட்டுரையின் பொருள் இரண்டாவதே.

இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. முதல் வகை எந்திரத்திற்குள் ஜாவா இயங்குமாயின், வெளியே உள்ள வழங்கியை மேம்படுத்தினாலும் உள்ளே இருக்கும் கெர்னல் பழையபடியே இருக்கும். ஜாவாவிற்கு எதுவும் மாறியிராது. கண்டெய்னர் எனப்படும் கொள்கலனுக்குள் இயங்குமாயின் நிலைமை வேறு. கொள்கலன் தனக்குரிய நூலகக் கோப்புகளையும் ஜாவாவையும் படிமத்திற்குள் சுமந்து வருகிறது. கெர்னலை மட்டும் வழங்கியிடமிருந்து பகிர்ந்துகொள்கிறது. ஆகவே வழங்கியை மேம்படுத்தும்போது கொள்கலனின் அடித்தளம் புதிதாகிறது. உள்ளிருக்கும் ஜாவா பழையதாகவே தொடர்கிறது. படிமம் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதையே சான்றாகக் கொண்டு கொள்கலனை ஐயத்திலிருந்து நீக்கிவிடுவது இயல்பு. உண்மையில் அது மாறாமல் நின்றதுதான் பிணக்கின் பாதி.

கட்டுப்பாட்டுக் குழுக்கள்

ஒரு செயல்முறைத் தொகுதி எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் கெர்னல் வசதிக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். சிகுரூப் என்பது அதன் வழக்குப் பெயர். கூகுள் நிறுவனப் பொறியாளர்களான பால் மெனேஜ், ரோகித் சேத் ஆகியோர் 2006இல் இப்பணியைத் தொடங்கினர். 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 கெர்னலில் இது இடம்பெற்றது. கொள்கலன் தொழில்நுட்பம் முழுவதும் இதன்மீதே எழுந்தது.

முதற்பதிப்பில் நினைவகத்திற்கு ஒரு படிநிலை, செயலிக்கு ஒரு படிநிலை எனத் தனித்தனி மரங்கள் இருந்தன. ஒரே செயல்முறை நினைவக மரத்தில் ஒரு கிளையிலும் செயலி மரத்தில் வேறொரு கிளையிலும் இருக்க இயலும். இந்நெகிழ்ச்சி பயனைவிடக் குழப்பத்தையே மிகுதியாகத் தந்தது. டேஜுன் ஹியோ முன்னின்று நடத்திய மறுவடிவமைப்பில் எல்லா வளங்களும் ஒரே மரத்தின்கீழ்க் கொணரப்பட்டன. இவ்விரண்டாம் பதிப்பு 2016இல் வெளியான 4.5 கெர்னலில் முறைப்படி ஏற்கப்பட்டது.

ஆயினும் கெர்னலில் ஒரு வசதி இருப்பதும், இயங்குதளம் அதனை இயல்பிருப்பாகக் கொள்வதும் வேறு வேறு. ஃபெடோரா 2019இல் தன் 31ஆம் பதிப்பிலும், டெபியன் 2021இல் 11ஆம் பதிப்பிலும் இரண்டாம் பதிப்பிற்கு மாறின. உபுண்டு 21.10இல் மாறியது; நெடுங்கால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் பின்பற்றுவோருக்கு அம்மாற்றம் 2022 ஏப்ரலில் வந்த 22.04 வழியாகவே சென்று சேர்ந்தது. ரெட் ஹாட் நிறுவனத்தின் 9ஆம் பதிப்பும் அதே ஆண்டில் இவ்வழியைக் கொண்டது. ஆதலின் உபுண்டு 20.04இலிருந்து 22.04இற்கோ, டெபியன் 10இலிருந்து 11இற்கோ செல்பவர், தாம் அறியாமலேயே வளக்கணக்கின் ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்குச் செல்கிறார்.

நடைமுறையில் இம்மாற்றத்தின் உருவம் மிக எளியது. முன்னர் நினைவக அடைவிற்குள் ‘மெமரி.லிமிட்_இன்_பைட்ஸ்’ என்ற பெயரில் இருந்த வரம்புக் கோப்பு இப்போது இல்லை. அதன் பணியை ‘மெமரி.மேக்ஸ்’ என்ற வேறொரு கோப்பு செய்கிறது. அதன் இடமும் வேறு. வரம்பில்லாத நிலையை முதற்பதிப்பு மிகப்பெரிய ஓர் எண்ணால் குறித்தது; இரண்டாம் பதிப்பு எண்ணுக்கு மாற்றாக ‘மேக்ஸ்’ என்னும் சொல்லையே எழுதுகிறது. கொள்கலனைத் தொடங்கும்போது பழைய கோப்பைப் படித்து நினைவகத்தைப் பங்கிடும் தொடக்க நிரல்களைச் சில நிறுவனங்கள் தாமே எழுதி வைத்திருந்தன. அவையும் இதே நாளில் வெற்று விடையைப் பெறத் தொடங்கின.

எந்திரம் தன் அளவை அறியும் முறை

ஜாவா நிரல் உருவாக்கும் பொருள்கள் குவியல் எனப்படும் ஹீப் நினைவகத்தில் இடம்பெறுகின்றன. குவியலின் உச்ச அளவை நிர்வாகி வெளிப்படையாகக் குறிப்பிடவில்லையெனில், மெய்நிகர் எந்திரம் தனக்குக் கிட்டும் மொத்த நினைவகத்தில் நான்கிலொரு பங்கை உச்சமாகவும், அறுபத்து நான்கிலொரு பங்கைத் தொடக்க அளவாகவும் கொள்ளும். மொத்த நினைவகம் எவ்வளவு என்னும் கேள்விக்கு விடை எங்கிருந்து வருகிறது என்பதிலேதான் அனைத்தும் அடங்கியுள்ளது.

தொடக்கத்தில் ஜாவா கொள்கலன்களை அறியாது. வழங்கியின் முழு நினைவகத்தையே தனதாகக் கருதியது. 2018 மார்ச்சில் வந்த ஜாவா 10 கட்டுப்பாட்டுக் குழுவின் வரம்பைப் படிக்கக் கற்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஜாவா 8இன் 191ஆவது திருத்தத்திலும் அத்திறன் சேர்க்கப்பட்டது. ஆனால் அது கற்றது முதற்பதிப்பின் கோப்புகளை மட்டுமே. இரண்டாம் பதிப்பைப் படிக்கும் திறன் 2020 செப்டம்பரில் ஜாவா 15இல் வந்தது. நெடுங்காலப் பதிப்புகளுக்கு அது சென்றடைய மேலும் காலமாயிற்று: ஜாவா 11இற்கு 2022 ஜூலையில் 11.0.16ஆகவும், ஜாவா 8இற்கு 2023 ஏப்ரலில் 372ஆவது திருத்தமாகவும் வந்தது. இவை ஓப்பன்ஜேடிகேயின் ஹாட்ஸ்பாட் எந்திரத்திற்குரிய எண்கள். பிற நிறுவனங்களின் ஜாவா வெளியீடுகளுக்கு அவ்வவற்றின் வெளியீட்டுக் குறிப்புகளைக் காண்க.

மேற்கண்ட ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் இடைவெளி புலனாகும். உபுண்டு 22.04 வெளிவந்தபோது ஜாவா 8இற்கு இத்திறன் கிட்ட இன்னும் ஓராண்டு இருந்தது. அக்காலத்தில் உருவாக்கப்பட்ட படிமங்கள் இன்றும் பல வழங்கிகளில் தொடர்ந்து இயங்குகின்றன.

பழைய எந்திரம் புதிய தளத்தில் எழும்போது முதற்பதிப்பின் அடையாளங்களைத் தேடுகிறது, அவை கிட்டவில்லை. கிட்டாததைப் பிழையாக அது கருதுவதில்லை. தான் கொள்கலனுக்குள் இல்லை என முடிவு செய்து, வழங்கியின் முழு நினைவகத்தை அளவுகோலாகக் கொள்கிறது. எச்சரிக்கை ஏதும் அச்சாவதில்லை. வடிவமைப்பு நோக்கில் இதனைக் குறை எனச் சொல்லலாம். வரம்பைக் காண இயலவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் எண்ணற்ற இரவுகள் மிச்சமாகியிருக்கும்.

32 ஜிகாபைட் நினைவகமும் 16 செயலிக் கருக்களும் கொண்ட வழங்கியில், 2 ஜிகாபைட் வரம்பிடப்பட்ட கொள்கலன் ஒன்றைக் கொள்வோம். மேம்படுத்தலுக்கு முன் எந்திரம் வரம்பைச் சரியாகப் படித்து, 512 மெகாபைட்டைக் குவியலின் உச்சமாகக் கொண்டிருந்தது. மேம்படுத்திய பின் அதே எந்திரம் 8 ஜிகாபைட்டை உச்சமாகக் கருதுகிறது. உச்சம் தொலைவில் இருப்பதால் குப்பை அகற்றும் பகுதிக்கு அவசரமில்லை; பழைய பொருள்களைத் துடைப்பதைவிடக் குவியலை விரிப்பதே எளிது என அது கொள்கிறது. குவியல் மெல்ல வளர்ந்து 2 ஜிகாபைட்டைத் தொடும் கணத்தில் கெர்னல் குறுக்கிட்டுச் செயல்முறையைக் கொன்றுவிடுகிறது. வளர்வதற்குக் காலம் பிடிப்பதால்தான் நிறுத்தம் மேம்படுத்திய உடனே நிகழாமல் தள்ளி நிகழ்கிறது. வழங்கியின் நினைவகத்தை 64 ஜிகாபைட்டாகக் கூட்டினால் எந்திரம் கருதும் உச்சம் 16 ஆகும். தொடக்க அளவும் இரட்டிக்கும். கொள்கலனின் வரம்போ அதே 2 ஜிகாபைட். வாங்கிய நினைவகம் எந்திரத்தின் தவறான நம்பிக்கையை மட்டுமே பெருக்குகிறது.

ஒரே வழங்கியில் ஒரு சேவை நின்று மற்றொன்று நிற்காதிருப்பதற்கும் விளக்கம் இங்கேயே உண்டு. குவியலின் உச்சத்தை எக்ஸ்எம்எக்ஸ் என்னும் தெரிவால் நேரடி எண்ணாகக் கொடுத்த சேவைகள் பாதிக்கப்படுவதில்லை. விழுக்காடாகக் கொடுத்தவை தப்புவதில்லை. 75 விழுக்காடு என எழுதியிருந்தால், 2 ஜிகாபைட்டின் முக்காலுக்கு மாற்றாக 32 ஜிகாபைட்டின் முக்காலான 24 ஜிகாபைட் உச்சமாகிவிடும். விழுக்காட்டு முறையே நவீனமானது எனப் பரிந்துரைக்கப்பட்டு அதற்கு மாறியவர்கள், மாறாதிருந்தவர்களைவிட மோசமான நிலையை அடைந்தனர் என்பது இதில் ஒரு முரண்.

நிறுத்தத்தின் சுவடுகள்

ஜாவா நிரல் நினைவகமின்றி நிற்பது இருவகைப்படும். எந்திரமே இடமில்லை என உணர்ந்து ‘அவுட்ஆஃப்மெமரிஎரர்’ என்னும் பிழையை எழுப்புவது ஒன்று. இதற்குப் பதிகையில் சுவடு இருக்கும், குவியலின் நகலையும் எடுக்க இயலும். கெர்னல் கொல்வது மற்றொன்று; ஒன்பதாம் எண் குறிகை எனப்படும் சிக்கில் குறிகையைச் செயல்முறை தடுக்கவோ கேட்கவோ இயலாது. ஆதலின் பதிகை பாதியில் அறுகிறது. குவியல் நகலும் கிட்டாது. கொள்கலனின் வெளியேற்றக் குறியீடு 137 என இருப்பின், 128உடன் 9ஐக் கூட்டிய எண்ணாகிய அது இரண்டாம் வகையை நோக்கிக் கைகாட்டுகிறது.

அடுத்து நோக்கவேண்டியது கெர்னலின் பதிகை. கொல்லப்பட்டதற்கான செய்தியில் கட்டுப்பாட்டுக் குழு காரணமாகக் குறிக்கப்பட்டிருந்தால் வரம்பு மீறப்பட்டது என்பது பொருள். அவ்வாறன்றிப் பொதுவான நினைவகத் தட்டுப்பாடு மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் வழங்கி முழுவதற்குமே நினைவகம் போதவில்லை என்பது பொருள். கூடுதல் நினைவகம் வாங்குவது பின்னதற்கே மருந்தாகும். ‘மெமரி.ஈவெண்ட்ஸ்’ கோப்பும் எத்தனை முறை கொலை நிகழ்ந்தது என எண்ணி வைத்திருக்கும். எனினும் கொள்கலன் மீளத் தொடங்கும்போது குழுவும் புதிதாக உருவாவதால் அவ்வெண்ணிக்கை அழிந்துவிடும்.

இறுதியாக எந்திரத்தையே கேட்கவேண்டும். எல்லாத் தெரிவுகளின் இறுதி மதிப்புகளையும் அச்சிடும் வசதி ஜாவாவில் உண்டு. கொள்கலனுக்குள் நின்று அதனை இயக்கி, குவியலின் உச்ச அளவு எனக் காட்டப்படும் எண்ணைக் கொள்கலனின் வரம்போடு ஒப்பிட்டால் ஐயம் தீரும். வரம்பைவிட உச்சம் பெரிது என்றால் வேறு சான்று தேவையில்லை.

தீர்வும் தற்காலிகத் தீர்வும்

படிமத்திலுள்ள ஜாவாவை அதே வரிசையின் திருத்தப்பட்ட பதிப்பிற்கு மாற்றுவதே நேர்வழி. ஜாவா 8இல் இயங்கும் பழைய மென்பொருளை 17இற்கு உயர்த்தவேண்டியதில்லை. 372ஆவது திருத்தமோ அதற்குப் பிந்தையதோ போதுமானது. படிமத்தை மாற்றும் உரிமையில்லாதபோது, குவியலின் உச்சத்தை நேரடி எண்ணாகக் கொடுப்பது அடுத்த வழி. இதற்குச் சூழல் மாறி ஒன்றே போதும், படிமத்தைத் தொடவேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு வழி அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது: கெர்னலின் தொடக்கத் தெரிவுகளில் ஒன்றை மாற்றி, வழங்கியை மீண்டும் முதற்பதிப்பிற்கே திருப்புவது. அது வேலை செய்கிறது; அன்றிரவுக்கு உதவவும் கூடும். ஆனால் 2024 ஜூனில் வெளிவந்த சிஸ்டம்டி 256 முதற்பதிப்பில் இயங்குவதை இயல்பாகவே மறுக்கிறது. குபர்நெட்டிஸும் அதே ஆண்டில் அதற்கான ஆதரவைப் பராமரிப்பு நிலைக்குக் குறைத்தது. அடுத்த மேம்படுத்தலில் அதே சிக்கல் திரும்பி வரும். அப்போது இத்தெரிவை யார், எதற்காக இட்டார் என்பதை நினைவில் வைத்திருப்பவர் பணியில் இல்லாமலும் போகலாம்.

குவியலுக்கு அப்பால்

ஜாவாவைத் திருத்தியபின், வரம்பு முழுவதையும் குவியலுக்கே கொடுத்துவிட எண்ணுவது அடுத்த பிழை. 2 ஜிகாபைட் வரம்பில் குவியலுக்கு 2 ஜிகாபைட் கொடுத்தால் கொலை உறுதி. வகுப்பு விவரங்கள், தொகுக்கப்பட்ட குறிமுறை, ஒவ்வோர் இழைக்கும் உரிய அடுக்கு, குவியலுக்கு வெளியே ஒதுக்கப்படும் இடையகங்கள் ஆகிய அனைத்தும் அதே வரம்பிற்குள்தான் அடங்கவேண்டும். 64 பிட் லினக்ஸில் ஓர் இழையின் அடுக்கிற்கு இயல்பிருப்பு 1 மெகாபைட். அதன் முழுமையும் உடனே நிரம்புவதில்லை எனினும் இருநூறு இழைகள் உள்ள சேவையில் இதனைப் புறக்கணிக்க இயலாது.

செயலிக் கருக்களின் எண்ணிக்கையும் இங்கே மறைமுகமாக நுழைகிறது. வரம்பைக் காணாத எந்திரம் செயலிப் பங்கீட்டையும் காணாது. மேற்சொன்ன வழங்கியில் 16 கருக்களும் தனக்கே எனக் கொண்டு, குப்பை அகற்றத் தனக்கு 13 இழைகளை உருவாக்கும். க்ளிப்சி எனப்படும் சி மொழி நூலகமும் 64 பிட் தளத்தில் கருவொன்றுக்கு எட்டு என்ற கணக்கில் தனித்தனி ஒதுக்கீட்டுப் பகுதிகளைத் திறக்கக்கூடும். இப்பகுதிகளின் எண்ணிக்கையைச் சூழல் மாறி வழிக் குறைத்தால் குவியலுக்கு வெளியேயான வளர்ச்சி தணிவதுண்டு. இவ்வகை நினைவகத்தை அளக்க ஜாவாவிலேயே ஒரு கண்காணிப்பு வசதி உள்ளது. அது 5 முதல் 10 விழுக்காடு வரை வேகத்தைக் குறைக்கும் என ஆவணங்கள் கூறுவதால், நிரந்தரமாக இயக்கி வைத்தல் வேண்டா.

தேடுபொறிகளுக்கு மற்றொரு கூறும் உண்டு. சோலரும் எலாஸ்டிக்சர்ச்சும் பயன்படுத்தும் லூசீன் நூலகம் தன் சுட்டிக் கோப்புகளைக் கெர்னலின் கோப்புத் தற்காலிகச் சேமிப்பின் வழியாகவே விரைந்து படிக்கிறது. அச்சேமிப்பும் கட்டுப்பாட்டுக் குழுவின் கணக்கில் சேர்வதால், பயன்பாடு வரம்பை ஒட்டி நிற்பதுபோல் காட்சியளிக்கும். இது அச்சத்திற்குரியதன்று, தேவைப்படும்போது கெர்னல் அதனை விடுவித்துக்கொள்ளும். கருதவேண்டியது வேறொன்று: குவியலை அளவுக்கு மீறிப் பெருக்கினால் கோப்புச் சேமிப்பிற்கு இடமின்றித் தேடல் மெதுவாகும். எலாஸ்டிக்சர்ச் ஆவணங்கள் குவியலுக்குப் பாதிக்கு மேல் கொடுக்கலாகாது எனக் கூறுவது இதனாலேயே.

இரண்டாம் பதிப்பு தந்த ‘மெமரி.ஹை’ என்னும் மென்வரம்பையும் இங்குக் குறிப்பிடவேண்டும். அதனை மீறினால் செயல்முறை கொல்லப்படுவதில்லை. வேகம் மட்டும் கட்டுப்படுத்தப்படுகிறது. ஜாவா தன் குவியலைக் கணிக்க வன்வரம்பையே கொள்வதால், மென்வரம்பைத் தாழ்வாக வைத்த இடங்களில் சேவை நிற்காமல், ஆனால் விடையும் தராமல் தவழ்ந்துகொண்டிருக்கும்.

தமிழ்த் தரவின் கணக்கு

இச்சிக்கலைத் தீர்க்கும்போதே ஜாவா 8இலிருந்து 11இற்கோ 17இற்கோ செல்பவர், நினைவகத் தேவை தானாகவே குறையும் என்னும் அறிவுரையைக் கேட்டிருக்கலாம். அதற்கு அடிப்படை உண்டு. ஜாவா 8 வரை சரத்தின் ஒவ்வோர் எழுத்தும் இரண்டு பைட் இடம் கொண்டது. 2017இல் வந்த ஜாவா 9 முதல், ஒரு சரம் முழுவதும் லத்தீன் எழுத்துகளால் ஆனதாயின் எழுத்துக்கு ஒரு பைட் மட்டுமே ஒதுக்கப்படுகிறது. ஆங்கிலத் தரவு மிகுந்த சேவைகளில் இதனால் குவியல் கணிசமாகச் சுருங்கும்.

தமிழ்த் தரவிற்கு இச்சுருக்கம் இல்லை. ‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறியீடுகளால் ஆனது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஜாவாவில் அது முன்பும் 10 பைட், இப்போதும் 10 பைட். அதனை ரோமன் எழுத்தில் எழுதினால் வரும் ஐந்தெழுத்துச் சொல்லோ 10 பைட்டிலிருந்து 5 பைட்டாகிவிட்டது. மேலும், இச்சலுகை சரம் முழுமைக்கும் உரியது. நூறு எழுத்துள்ள ஆங்கில விவரக் குறிப்பினிடையே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் அச்சரம் முழுவதும் இரண்டு பைட் முறைக்குத் திரும்பி 200 பைட்டாகிறது. நூற்பெயரைத் தமிழிலும் ஏனைய விவரங்களை ஆங்கிலத்திலும் ஒரே புலத்தில் கலந்தெழுதும் பட்டியல்கள் இவ்விழப்பை முழுமையாக ஏற்கின்றன. மொழிவாரியாகப் புலங்களைப் பிரித்தவை தமிழ்ப் புலத்தில் மட்டும் ஏற்கின்றன. ஆதலின் ஆங்கிலத் தரவைக் கொண்டு வெளியிடப்பட்ட அளவீடுகளை நம்பிக் கொள்கலனின் வரம்பைக் குறைக்காமல், தன் பட்டியலின் ஒரு பகுதியை ஏற்றி, குப்பை அகற்றலுக்குப் பின் குவியலில் எஞ்சுவது எவ்வளவு என்று அளந்த பின்னரே வரம்பை எழுதுதல் வேண்டும்.